வரைபடத்திலேயே தொடங்கிவிடும் வேட்டை

வேட்டைக்குப் போக உலகத்தில் நூறு ஊர் இருக்கலாம். வேட்டைக்குத் திட்டம் போடுவதற்கென்றே ஓர் ஊர் உண்டென்றால் அது நியூசிலாந்தின் தெற்குத் தீவுதான். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துப் போட்டு, எந்தப் பள்ளத்தாக்கு, எந்த மாதம், எந்த விலங்கு என்று நடுராத்திரி வரை மண்டையை உடைத்துக்கொள்ளும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே கிரைஸ்ட்சர்ச்சில் குடியேறலாம். நான் குடியேறியிருக்கிறேன். வேலைக்காகத்தான் வந்தோம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், யாரும் நம்பவில்லை.

இந்தத் தீவின் அமைப்பே அப்படி. மேற்கே டாஸ்மன் கடல். கரையை விட்டு ஏறினால் நசநசவென்று பாசி பிடித்த மழைக்காடு. அதற்கு மேல் ‘டஸ்ஸக்’ என்னும் குத்துப்புல் மேடு, அதற்கும் மேல் சரளைச் சரிவு, பாறை, பனியாறு. தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் தீவின் முதுகெலும்பாக நீளுகிறது. அதன் உச்சி ஆரக்கி, 3,724 மீட்டர். மலையின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 10 மீட்டருக்கும் மேல் மழை கொட்டும் இடம் உண்டு. தொடரைத் தாண்டிக் கிழக்கே இறங்கி டெக்கப்போ ஏரிப் பக்கம் வந்தால் சுமார் 600 மில்லிமீட்டர்தான். வெயிலில் வெளுத்த புல்லும் வறண்ட காற்றும் சாம்பல் நிற ஆறும். இத்தனையும் ஒரே நாள் காரோட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு விலங்கு.

“மானைச் சுடலாமா? பாவமில்லையா?” என்று ஊரிலிருந்து போன் செய்பவர்கள் கேட்காமல் விடுவதில்லை. கேட்கவேண்டிய கேள்விதான். இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு காட்டு விலங்கின் மேல் கை வைத்தால் சிறை. அது சரியான சட்டம். நம் காட்டில் மான் நம் காட்டின் பிள்ளை. இங்கே கதை தலைகீழ். நியூசிலாந்தில் வௌவாலை விட்டால் தரையில் வாழும் பாலூட்டி ஒன்றுகூடச் சொந்தமாகக் கிடையாது. மான், ஆடு, பன்றி எல்லாமே கப்பலில் வந்தவை. அவற்றை அடித்துத் தின்ன புலியோ செந்நாயோ இல்லை. அதனால் பெருகி, வேறெங்கும் வளராத மலைச் செடிகளை மொட்டையடிக்கின்றன. 1930 முதல் அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் சுட்டது. இன்றும் ஹெலிகாப்டரில் போய்ச் சுடுகிறது. எல்லோரும் ‘டாக்’ என்று சொல்லும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் காடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேட்டை அனுமதிச் சீட்டு இணையத்திலேயே கிடைக்கும். காசு கிடையாது. சுட்டதைச் சமைத்துச் சாப்பிடுகிறவனுக்கு இங்கே மனச்சாட்சி உறுத்தவேண்டிய அவசியம் இல்லை என்பது என் கட்சி.

இந்த விலங்குகள் வந்த விதத்தைப் படிக்க ஆரம்பித்தால் திட்டம் போடுவது நின்றுபோகும், அவ்வளவு சுவாரசியம். 1904-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கோமகன் தன் தோட்டத்து இமயமலைத் தார் ஆடுகளைக் கப்பலேற்றி அனுப்பினார். ஆரக்கி அடிவாரத்தில் அவிழ்த்து விட்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கொடுத்தனுப்பிய வாப்பிட்டி மான்கள் ஃபியோர்ட்லாந்தின் ஜார்ஜ் சவுண்ட் கரையில் இறங்கின. 1907-ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் யோசெஃப் ஷாமாய் என்னும் மலையாடுகளை அனுப்பினார். மேற்குக் கரையில் அவர் பெயரில் ஏற்கெனவே ஒரு பனியாறு இருந்தது, அதற்குப் பதில் மரியாதையோ என்னவோ! வடக்குத் தீவின் மானவாட்டுப் பக்கம் திரியும் கடமான்களோ 1875-ல் இலங்கையிலிருந்து வந்தவை; அங்கே மரை என்பார்கள். எங்கள் கூட்டத்தில் வன்னியில் பிறந்த அண்ணை ஒருவர் இருக்கிறார். இதைக் கேட்டதும், “அப்ப எங்களுக்கு முதல் மரை விசா எடுத்திட்டுது” என்றார்.

சரி, திட்டத்துக்கு வருவோம். என் ஒரே உபதேசம் இது: இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், விலங்கைத் தேர்ந்தெடுங்கள். முகூர்த்தம் குறித்த பிறகுதானே மண்டபம் தேடுகிறோம்! விலங்கு முடிவானால் மாதம் தானே முடிவாகும்; மாதம் முடிவானால் உயரம், உயரத்துக்கேற்ற பூட்ஸ், பூட்ஸுக்கேற்ற ஆள். செம்மான் என்றால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. ‘ரோர்’ என்பார்கள். கலைமான்கள் பீச் மரக்காட்டுக்குள்ளிருந்து அடிவயிற்றால் முழங்கும் காலம் அது. கண்ணால் தேடவேண்டியதில்லை, காதால் தேடினால் போதும். ஷாமாய் வேண்டுமென்றால் மே மாதம், காட்டு எல்லைக்கு மேலே. தார் என்றால் மே முதல் ஜூலை வரை, உறைபனியில், பாறை விளிம்பில்.

செம்மானுக்கு உயிரை விடுகிறவர்கள் உண்டு. குறை சொல்லமாட்டேன். என் உயிர் தாரிடம் இருக்கிறது. தேனிக்காரனுக்கு வேறெப்படி இருக்கும்? மூணாறுக்கு மேலே ராஜமலையில், கைக்கெட்டும் தூரத்தில் பாறை மேல் நிற்கும் வரையாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதுதான் தமிழ்நாட்டின் மாநில விலங்கும். இமயமலைத் தாரையும் நம் வரையாட்டையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்துவிட்டு, நம்முடையது செம்மறிக்கு நெருங்கிய சொந்தம் என்று பிரித்துவிட்டார்கள். இருக்கட்டும். பாறையில் கால் வைக்கும் அந்தத் திமிர் இரண்டுக்கும் ஒன்றுதான். அங்கே அதைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. இங்கே அதன் தூரத்து உறவுக்காரனை 10,000-க்குள் வைக்கவேண்டும் என்று 1993-ல் திட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை அதைத் தாண்டிப் போனதும், அரசாங்கம் ஹெலிகாப்டரில் அதிகமாகச் சுடுகிறது என்று வேட்டைக்காரர்கள் 2020-ல் உயர் நீதிமன்றம் வரை போனதும் தனிக் கதை. டீக்கடை இல்லாத இந்த நாட்டில், துப்பாக்கிக் கடைகளில் அந்த விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இனி வரைபடம். இதைப் பற்றி எழுதத்தான் பேனாவையே எடுத்தேன். இங்கே எல்லோர் கையிலும் இருப்பது டோப்போ50. ஒரு சென்டிமீட்டர் தரையில் அரை கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. முதலில் செய்யவேண்டியது, ஊர்ப் புத்தியைக் கழற்றி வைப்பது. இது தென் அரைக்கோளம். குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து வருகிறது. ஆகவே வடக்குப் பார்த்த சரிவில்தான் வெயில் விழும், பனி உருகும், புல் தலைகாட்டும். காலையில் தார்க் கூட்டம் அங்கேதான் வந்து காயும். தெற்குப் பார்த்த சரிவு நாளெல்லாம் நிழல். கண்ணாடி மாதிரி ஐஸ். ஒரு பென்சிலை எடுத்து, வடக்குப் பார்த்த முகங்களில் 1,400 முதல் 2,000 மீட்டருக்குள் புல்லும் பாறையும் கலந்து கிடக்கும் இடங்களை மட்டும் நிழலிட்டுப் பாருங்கள். முழுத் தாளிலும் நாலைந்து திட்டுகள்தான் மிஞ்சும். அந்த நிமிஷத்தில் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும் பாருங்கள், துப்பாக்கியைத் தொடும்போதுகூட எனக்கு அது வருவதில்லை!

அடுத்து அந்தத் திட்டுகளுக்கு வழி. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, ஒட்டிக்கொண்டால் பாறைச்சுவர். ஆனால் 20 மீட்டர் இடைவெளி என்பதால் பதினைந்து மீட்டர் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். தாளில் அது தெரியாது, இருட்டில் இறங்கும்போது தெரியும். அதனால் செயற்கைக்கோள் படத்தை எடுத்து, நிழல் விழுந்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். ஏறும் வழியிலேயே இறங்கவேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம். புது வழியில் இறங்க ஆசைப்படுகிறவரை அடுத்த முறை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவோம்.

காற்றையும் தாளிலேயே பார்த்துவிடலாம். விடியலில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும். வெயில் சரிவைச் சூடாக்கியதும் திரும்பி மேலே ஏறும். ஆக, விடியலில் கீழே இருந்தால் உங்கள் வாசம் விலங்குக்குப் போகாது. வெயில் ஏறிய பிறகும் கீழேயே இருந்தால் மலை முழுக்க உங்கள் வியர்வை நாற்றம்தான். அதற்குள் மேலே போய்விட வேண்டும். தார் ஆபத்தைக் கீழிருந்துதான் எதிர்பார்க்கும். தலைக்கு மேல் அது பார்ப்பது குறைவு. இந்த ஒரு விஷயத்துக்காக நான் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவதை என் அம்மா பார்த்தால், இதே சுறுசுறுப்பு படிக்கும்போது எங்கே போயிற்று என்று கேட்பார்.

ஆறு வேறு ஒரு பாடம். காட்லி, மெக்காலே, ரங்கிட்டாட்டா, ரக்காயா: கிழக்குப் பக்கத்து ஆறுகள் எல்லாம் ஜடை பின்னிக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் அகலக் கூழாங்கல் படுகையில் பத்துக் கிளைகளாக ஓடும். நாங்கள் கடக்கும் மேல்பகுதியில் பாலம் கிடையாது. பனியாறு அரைத்த பாறை மாவு கலந்து தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆழம் கண்ணுக்குத் தெரியாது. இதில் பெரிய சூழ்ச்சி என்னவென்றால், நீங்கள் நிற்கும் இடத்தில் நீல வானம் பளிச்சென்றிருக்கும். ஆனால் வடமேற்குக் காற்று மேற்குக் கரை மழையை மலைமுகட்டைத் தாண்டி ஆற்றின் தலையில் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு துளி மழை உங்கள் மேல் படாது; ஆறு மட்டும் ஏறும்.

வன்னி அண்ணைக்குத் துப்பாக்கி பிடிக்காது. காரணத்தை நாங்கள் கேட்டதில்லை. அவர் சமைக்கவும் ஆறு பார்க்கவும் வருகிறார். போன குளிர்காலத்தில் ஒரு கிளையைக் கடக்க நாங்கள் தோளோடு தோள் கோத்து, முதுகுப்பையின் இடுப்பு வாரை அவிழ்த்துக்கொண்டு தயாராக நின்றோம். அவர் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்தார்.

“தம்பி, அந்த வெள்ளைக் கல்லைக் காணேல்ல, பாரும். காலமை முழுசாத் தெரிஞ்சது.”

“கொஞ்சம்தானே அண்ணை ஏறியிருக்கு?”

“தண்ணியின்ர நிறமும் மாறிப்போச்சு. இண்டைக்கு விடும். நாளைக்குப் பாப்பம்.”

தங்கியிருந்த மெக்காலே குடிலுக்கே திரும்பினோம். மாலைக்குள் அந்தக் கிளையில் மரத்துண்டு உருண்டு போகும் சத்தம் கேட்டது. இதனால்தான் சாப்பாட்டுக் கணக்கில் எப்போதும் இரண்டு நாள் கூடுதலாகச் சேர்க்கிறேன். பருப்பு, அரிசி, கருவாடு, கொஞ்சம் வெல்லம். ஆறு இறங்கும்வரை உட்கார்ந்திருப்பதும் திட்டத்தில் ஒரு பகுதிதான். அதற்கென்றே ஒரு சீட்டுக்கட்டு பையில் உண்டு.

காகித வேலையைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். துப்பாக்கி உரிமம் 16 வயதிலிருந்து எடுக்கலாம். எழுத்துத் தேர்வு உண்டு, வீட்டுக்கு வந்து பேசுவார்கள், துப்பாக்கியைப் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2019 கிரைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு ராணுவ பாணித் துப்பாக்கிகள் உட்படப் பெரும்பாலான அரைத் தானியங்கிகளுக்குத் தடை. எங்களுக்கு போல்ட் ரைஃபிளே தாராளம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பார்வையாளர் உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். உரிமமே இல்லாதவர், உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில், அவர் பக்கத்திலேயே நிற்கச் சுடலாம். பாதுகாப்பு விதிகள் ஏழு. அவற்றில் நான்காவதை மட்டும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளச் சொல்வேன்: இலக்கு எதுவென்று துளிச் சந்தேகமும் இல்லாமல் தெரிந்த பிறகே விசை. ரோர் காலத்தில் மான் மாதிரி குரல் கொடுத்துக் கூப்பிடுவது இன்னொரு வேட்டைக்காரனாகவும் இருக்கலாம். அதனால்தான் பளீர் ஆரஞ்சுச் சட்டை. மானின் கண்ணுக்கு அது மங்கலாகத்தான் படும், நீலம்தான் உறுத்தும். ஜீன்ஸை வீட்டில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு: போகும் காட்டில், தீங்கு செய்யும் விலங்குகளைக் கொல்லத் தூவும் 1080 விஷம் போட்டிருக்கிறார்களா என்று டாக் வெளியிடும் வரைபடத்தைப் பார்த்தே ஆகவேண்டும். போட்ட இடத்து இறைச்சி வாய்க்கு ஆகாது. அவசர அழைப்புக் கருவி, பனிச்சரிவு எச்சரிக்கை, குடிலில் பெயரெழுதும் புத்தகம்: இவற்றை நான் விவரிக்கப்போவதில்லை. இவை இல்லாமல் கிளம்புகிறவரோடு நான் வரமாட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் எந்தத் திட்டத்திலும் அடங்காத ஒருவர் அங்கே இருக்கிறார். கேயா! மலைக்கிளி. தூரத்தில் பார்த்தால் மங்கின ஆலிவ் பச்சை. இறக்கையை விரித்தால் உள்ளே தீப்பிடித்த ஆரஞ்சு. குடில் வாசலில் பூட்ஸை விட்டுவிட்டு நான் டீ போட உள்ளே போனேன். திரும்பிப் பார்க்கும்போது ஒன்று பூட்ஸின் நாக்கை இழுத்துப் பிடித்திருக்கிறது, மற்றொன்று கயிற்றை ஒவ்வொரு கண்ணியாக உருவுகிறது. அலகை உள்ளே விட்டு, தலையைச் சாய்த்து, இழுத்து, அடுத்த கண்ணிக்குப் போகிறது. அவசரமே இல்லை. நான் கத்தினேன். அது என்னைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. சட்டப்படி அதன் மேல் விரல் படக்கூடாது, பாதுகாக்கப்பட்ட பறவை. எனவே பூட்ஸ், கையுறை, கூடாரக் கயிறு எல்லாம் இரவில் உள்ளே. கூடாரம் போட்டவர்கள் நிலைமையை நினைத்துப் பார்க்கவேண்டாம்.

பிறகு அந்தக் காலை. காட்லிக்கு மேலே ஒரு விளிம்பில், பென்சிலால் நிழலிட்ட அதே திட்டில், வெயிலின் முதல் கோடு பாறையைத் தொடும்போது கிடா எழுந்து நின்றது. குளிர்காலக் கிடாவைப் பார்க்காதவருக்கு எப்படிச் சொல்வேன்! உடம்பு கரும்பழுப்பு, கழுத்திலிருந்து தோள் வழியாக முன்னங்கால் முட்டி வரை வைக்கோல் நிறத்தில் பிடரி. காற்று அடிக்கும்போது அந்த முடி முழுக்க ஒரு பக்கமாகப் புரண்டு மறுபக்கம் விழுந்தது. எழுபது கிலோவுக்குக் குறையாது. அந்த எடையோடு, என் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு விளிம்பில் நாலு காலையும் சேர்த்து வைத்துத் திரும்பியது. குளம்பின் விளிம்பு கெட்டி, நடுவில் ரப்பர் போன்ற மெத்தை, பாறையைக் கவ்விக்கொள்ளும். பைனாகுலரில் கொம்பின் வளையங்களை எண்ணினேன். ஆண்டுக்கு ஒன்று. எட்டு வரை எண்ணமுடிந்தது. வயதான கிடா, எடுக்கலாம்.

ஆனால் எண்ணிக்கொண்டே இன்னொன்றையும் பார்த்தேன்: விழுந்தால் எங்கே விழும்? அதற்குக் கீழே நூறு மீட்டர் பாறைச்சுவர். சுட்டால் இறைச்சியும் போகும், எடுக்கப் போகிற நாங்களும் போவோம். காத்திருந்தோம். விரல் மரத்தது, மூக்கு ஒழுகியது. நெடுநேரம் கழித்து அது பெட்டைகளின் பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு சரளைச் சரிவுக்கு இறங்கியது. ஒரே தோட்டா. நின்ற இடத்திலேயே மடிந்தது. கூட வந்த நண்பன் கையைக் குலுக்க வந்தான்; இரண்டு பேருக்குமே விரல் மடங்காததால் முழங்கையை முட்டிக்கொண்டோம்.

இறைச்சி விஷயத்தில் நான் கறார். கொம்புக்காக மட்டும் சுட்டு உடலை விட்டு வருபவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அங்கேயே எலும்பிலிருந்து பிரித்து, துணிப்பையில் போட்டுக் காற்றாடவிட்டு, முதுகில் ஏற்றவேண்டும். குளிர்தான் இங்கே ஐஸ்பெட்டி. இணைசேரும் காலத்துக் கிழட்டுக் கிடாவின் கறிக்கு ஒரு வாடை உண்டு, மறைக்கமாட்டேன். தொடையை மெல்லிசாக வார் கிழித்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி உப்புக்கண்டம் போட்டுவிட்டால் அந்த வாடையே ருசியாகிவிடும். வாட்டிக் கடித்தால் ஒரு தட்டுப் பழையசோறு போன இடம் தெரியாது. இளம் பெட்டையாக இருந்தால் வேறு பேச்சே வேண்டாம்: சின்ன வெங்காயம், நசுக்கிய மிளகு, கறிவேப்பிலை, இரும்புச் சட்டி. அண்ணை யாழ்ப்பாணத் தூள் போட்டுக் குழம்பு வைப்பார். அது எங்கள் மிளகு வறுவலை விட நன்றாக இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விற்கக் கூடாது என்பது சட்டம், கொடுக்கலாம். ஆகவே மலையிலிருந்து இறங்கும் வாரத்தில் கிரைஸ்ட்சர்ச் தமிழர் வீடுகளில் எங்களுக்கு மரியாதை கொஞ்சம் கூடுதல்.

இப்போது மேசையில் கிடப்பது வேறு தாள். ஹூக்கர்-லாண்ட்ஸ்பரோ வனாந்தரப் பகுதி. ஆண்டில் பெரும்பாலான நாள் அங்கே ஹெலிகாப்டர் இறங்கக் கூடாது. குளிர்காலத்தில் தார் வேட்டைக்காக மட்டும், குலுக்கலில் பெயர் வந்த குழுக்களுக்கு ஒரு வாரம் திறந்துவிடுகிறார்கள். வடக்குப் பார்த்த முகங்களை நிழலிட்டாயிற்று. செயற்கைக்கோள் படத்தில் சந்தேகமான நிழல் மூன்று இருக்கிறது, அவற்றைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வராவிட்டால் ஸ்டூவர்ட் தீவில் வெள்ளைவால் மான். அதற்கும் தாள் வாங்கி வைத்தாயிற்று. குழுவில் இன்னும் ஓர் இடம் காலி. சமைக்கத் தெரியவேண்டியதில்லை, அண்ணை வருகிறார். முழங்கால் மட்டும் நன்றாக இருக்கவேண்டும்.